நடுவே ஒரு மயிரிழை

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இன்றைக்கே விழட்டும்.

வானாய்வுக் கூடத்தில் நான் படம் கழுவுகிறவன். ஆராய்ச்சி என் மருமகளுடையது. நான் கழுவிக் கொடுத்த கண்ணாடித் தட்டு ஒன்றில் இரண்டு விண்மீன் மண்டலங்கள், கருப்புப் புகைச்சுருள் மாதிரி. நடுவே மயிரிழையாய் ஒரு பாலம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்று அவள் எழுதிவிட்டாள். இயக்குநர் நம்பவில்லை.

“ஒண்ணு கிட்ட இருக்கு, ஒண்ணு எங்கேயோ இருக்கு. பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நின்னா புருஷன் பொண்டாட்டியா?”

“கை கோத்துக்கிட்டு நின்னா, சார்?”

“அது கையோ, உங்க மாமனார் போட்ட கீறலோ!”

அவரைக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் இருட்டறையில் நான் போட்ட ஒரு தும்மலில் ஏழு நட்சத்திரங்கள் பிறந்தன. மூன்றுக்கு அவரே நம்பர் கொடுத்துவிட்டார்.

புதுத் தட்டில் மறுபடி எடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பாலம் தெரியாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அதுவரை அவள் தொலைநோக்கிக் கோபுரத்துப் பக்கமே போகக் கூடாதாம். அவருக்கோ முழங்கால் வலி, படி ஏறமாட்டார். ஆக, எடுக்கவேண்டியவன் நான்.

வெள்ளி, மூன்று மணி. இருட்டறைச் சிவப்பு விளக்கில் தட்டை மருந்துத் தொட்டியில் இறக்கினேன். ஒரு தோளில் இயக்குநரின் மூச்சு, மறு தோளில் மருமகளுடையது. நான் பதினோரு நிமிஷம் மூச்சே விடவில்லை. பெரிய சுருள் எழுந்து வந்தது. பிறகு சின்னது. நடுவே வெறும் கண்ணாடி. மருமகளின் கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. தொட்டியை லேசாக ஆட்டினேன். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

அப்போது வந்தது அந்த மயிரிழை. சின்னதிலிருந்து கிளம்பி, தயங்கி, பெரியதைப் போய்த் தொட்டது.

அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“புதுத் தட்டுதானேய்யா?”

“கவரை நான்தான் சார் பிரிச்சேன்.”

கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டு வெளியே போனார். சிவப்பு வெளிச்சத்தில் மருமகள் தட்டைப் பார்த்தாள். அதைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தாள்.

“மூச்சு விடுங்க மாமா,” என்றாள்.

விட்டேன். தொட்டியில் மருந்து நடுங்க, பாலமும் நடுங்கியது.

தொலைநோக்கி வானம் பார்க்கும் கோபுரத்துக் கூரைக் கதவு துருப்பிடித்து, அந்த மாதம் முழுக்கத் திறக்கவே இல்லை.