சுதா பின்பக்கமாக இறங்குகிறாள்

ஜங்லிகாட் மலைச்சரிவில் எங்கள் சந்து மொத்தம் நாற்பத்தியொரு படி. என் வீடு இருபதாவது படியோரம். ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்பதும், இறங்குகிறவர்கள் செருப்பைச் சரிசெய்வதும் என் ஜன்னலுக்கு நேரே. நான் யாரையும் வேவு பார்ப்பதில்லை. பாத்திரம் தேய்க்கிற இடம் அங்கே அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மேல் வீட்டு அமிர்தவல்லியின் மகள் சுதா பின்பக்கமாகப் படி இறங்குவதை அப்படித்தான் பார்த்தேன். விடிந்தும் விடியாத ஐந்து மணி. மலையைப் பார்த்தபடி, படியோரக் கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள். கீழே குழந்தைவேலு ஸ்கூட்டர் பட்டறையில்தான் அவள் ரேஸ் சைக்கிள் நிற்கும். அதில் ஏறியதும் அம்பு மாதிரிப் போய்விட்டாள். சைக்கிளில் பறக்கிற பெண்ணுக்குப் படி இறங்கத் தெரியவில்லையா?

மூன்றே பேரிடம்தான் சொன்னேன். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. "தலை சுத்தல்" என்றாள் ஒருத்தி. "பயல் யாரோ கீழ நிக்கிறான், முகத்தைக் காட்டாம இறங்குறா" என்றாள் ஷோபனா.

அன்று மத்தியானமே சுதா என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்க வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"நான் என்னடி சொன்னேன்?"

"என்ன சொல்லல?"

ட்ராக் பேண்டை முழங்காலுக்கு மேல் இழுத்துக் காட்டினாள். முட்டிச் சில்லுக்குக் கீழே வீங்கி, தோல் பளபளத்தது. பதினோரு மாதமாக வலியாம். மிதிக்கும்போது முதல் பத்து நிமிஷம் உயிர் போகும், அப்புறம் மரத்துவிடும். ஏறும்போது பொறுத்துக்கொள்ளலாம், இறங்கும்போது கத்தி குத்துகிற மாதிரி இருக்குமாம். ஆஸ்பத்திரியில் மிதிக்கவே கூடாது என்றார்களாம். ஸ்ப்ரே, மாத்திரை, முட்டிப் பட்டை எல்லாம் பையில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. கடல் தாண்டி மெயின்லேண்டில் நடக்கிற தேசிய சைக்கிள் போட்டிக்கு ஜூனியர் அணி எடுக்கிறார்கள். அவளுக்கு ஜூனியர் வயது இந்த வருஷத்தோடு சரி. அப்பா காத்தமுத்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிறார். இவள் சைக்கிளுக்காகத்தான் அம்மாவும் பெண்ணும் இங்கே வாடகை அறையில் கிடக்கிறார்கள்.

"முழங்கால்னு அம்மா காதுல விழுந்தா அடுத்த கப்பல்ல கச்சால்தான் அத்தை. அங்க போய் நானும் ரப்பர் மரத்தைத்தான் சுத்தணும். வேற எதையாவது சொல்லிவிடுங்க. உங்களுக்கா வராது?"

இப்படி மரியாதையாகக் கேட்டால் மறுக்க முடியுமா? மலை மேல் அம்மன் கோவில் இருக்கிறது. அம்மனுக்கு முதுகு காட்டாமல் நாற்பத்தெட்டு நாள் இறங்குவதாகப் பெண் வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன். சந்தே உருகிவிட்டது. அமிர்தவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. ஷோபனா தன் மகன் பரீட்சைக்காக நாலு படி பின்பக்கமாக இறங்கிப் பார்த்து, குடத்தோடு விழுந்தாள்.

பக்தி ரொம்ப வேகமாகப் பரவிவிட்டது, அதுதான் என் தப்பு. சனிக்கிழமை சாயங்காலம் சுதாவின் சைக்கிள் கோச் சந்திரமோகன் படியேறி வந்தார். அவர் சம்சாரமும் அதே கோவிலுக்குப் போகிறவள். அமிர்தவல்லி கெஸ்ட் ஹவுஸ் சமையல் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

"வேண்டுதலாமே, சொர்ணம்மா?" என்றார், என் வாசல் படியில் உட்கார்ந்து.

"சாமி சத்தியமா, சார்."

"அச்சா." மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "சுதா! இன்னைக்கு ஒரு நாள் அம்மன் மன்னிக்கட்டும். நேரா இறங்கி வா."

வந்தாள். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, குழாயைத் தொடாமல் என் வாசல் வரை அத்தனை படியும் இறங்கினாள். எனக்கே சந்தேகம் வந்தது, வலி பொய்யோ என்று.

"பக்கா. இன்னொரு தடவை."

ஏறினாள், இறங்கினாள். சிரிப்பு இருந்தது. உதட்டில் மட்டும் நிறம் இல்லை.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை பாதியிலேயே கால் உதறியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வலியே இல்ல சார். பேண்ட் டைட்டா இருக்கு, அதான்."

கோச் அவள் முழங்காலைப் பார்த்தார்.

"ரெண்டே கிலோமீட்டர் சார். நாளைக்கு ஒரு நாள். அப்புறம் இந்தக் கால் எப்படியோ போகட்டும். பேரை மட்டும் வெட்டிடாதீங்க, சார்."

"உன் வயசுல நானும் இதையேதான் சொன்னேன். இருபது வருஷம் ஆச்சு." எழுந்தார். "நாளைக்கு வராதே. வந்தாலும் லைன்ல நிறுத்த மாட்டேன். ஆறு மாசம் காலை ஆற விடு."

"ஆறு மாசத்துல என் வயசு போயிடும்!"

அவர் குழாயைப் பிடித்து, மலைப் பக்கமாகத் திரும்பி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவருக்கு எந்த வேண்டுதலும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை அவள் போகாமல் இருப்பாள் என்று நினைத்தீர்களா? போனாள். சொன்னபடியே கோச் அவளை லைனில் நிறுத்தவில்லை. ட்ராக்கிலிருந்து வெளியே வந்தவள் வெறி பிடித்த மாதிரி ஊருக்கு வெளியே சிப்பிகாட் வரை மிதித்துப் போய்த் திரும்பியிருக்கிறாள், யாருக்கு எதை நிரூபிக்கவோ. பத்து மணிக்குக் குழந்தைவேலு தோளில் சாய்ந்து என் வாசல் வரை வந்தாள். அதற்கு மேல் கால் மடங்கவில்லை. உட்காரவைத்துவிட்டு அவன் போனான்.

அமிர்தவல்லி மேலிருந்து போனும் கையுமாக ஓடிவந்தாள். "உங்கப்பா லைன்ல இருக்காரு. என்னாச்சுடி, எடுத்துட்டாங்களா?"

சுதா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் வாய்தான் தெரியுமே.

"எடுக்காம? இவதான் முதல்ல வந்தாளாம்!" என்றேன்.

ஸ்பீக்கரில் காத்தமுத்து அதைக் கேட்டுவிட்டார். "நாளைக்கே கப்பல் ஏறிர்றேன் புள்ள. நீ மெயின்லேண்டு போறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துரணும்" என்றார். அமிர்தவல்லி பாயசம் வைக்க மேலே ஓடினாள்.

சுதா இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் இங்க என்னைக்கு வந்து சேரும் அத்தை?"

"புதன்கிழமை."

"புதன்கிழமைக்குள்ள இது வத்திடுமா?"

வீக்கம் அவள் இரண்டு கைக்குள்ளும் அடங்கவில்லை.