ஒரு தம்ளர் ரத்தம்

என் புருஷன் ஃபெர்மினுக்கு வாயடக்கம் கிடையாது. அவருடைய சலூனில் முடி வெட்டிக்கொள்ளப் போகிறவன், அரசாங்கத்தைப் பற்றி ஒரு பாடம் கேட்காமல் எழுந்து வர முடியாது. அந்த வருஷம் முழுக்க ஒரே பாடம்தான். வியட்நாமுக்கு நம் பட்டாளத்தை அனுப்பலாமா, கூடாதா? தலைநகர் மணிலாவில் சட்டசபையில் பேசியதைவிட எங்கள் சலூனில் அதிகமாகப் பேசினார்கள். "ரோடு போடத்தான் போறாங்களாம், சண்டை போட இல்லையாம்" என்று யாராவது சொன்னால் போதும், ஃபெர்மின் கத்தரியை நிறுத்திவிடுவார். "ரோடு போடுறவனுக்கு எதுக்குய்யா பீரங்கி? தார் இறுகிடுச்சான்னு சுட்டுப் பாக்கவா?" என்பார்.

எனக்கு அது வெறும் பேச்சாக இல்லை. என் தம்பி டெல்ஃபின் பட்டாளத்தில் புல்டோசர் ஓட்டுகிறவன். வியட்நாம் போக இஷ்டப்பட்டவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அவனுடைய கேப்டன் சொல்லி அனுப்பியிருந்தார். லீவு முடிந்து திரும்பும்போது பதில் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அவனைப் பார்த்தாலே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவன் பிடி கொடுக்கவில்லை.

"திருவிழாப் பட்டிமன்றத்துல இதத்தானே பேசப் போறாங்க? கேட்டுட்டு முடிவு பண்றேன்க்கா" என்றான்.

"உசிரு போற விஷயத்த பட்டிமன்றத்துலயாடா முடிவு பண்ணுவாங்க?"

"வேற எங்க போயி முடிவு பண்றது? அம்மா அழுவுறாங்க. நீ திட்டுற. யாராச்சும் ஒருத்தர் காரணம்னு ஒண்ணு சொல்லுங்களேன்."

எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் எல்லாமே பாட்டுதான். ஒருவர் நாலு வரி கட்டிப் பாட, எதிராளி அதே தாளத்தில் வெட்டிப் பாட வேண்டும். நடுவில் மருந்துக்கடை டோன் எவாரிஸ்டோ நடுவராக உட்கார்ந்திருப்பார். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் முடிவு செய்வார்கள். டோன் எவாரிஸ்டோ ஒரு கையில் வெள்ளைச் சோளமும் மறு கையில் மஞ்சள் சோளமும் மறைத்து நீட்டுவார். தொட்டது எதுவோ அந்தக் கட்சி. உன் மனசு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. ஃபெர்மின் எந்தக் கட்சியில் நின்றாலும் ஜெயிப்பார் என்பதுதான் ஊர்ப் பேச்சு.

அந்தத் திருவிழாக் காலையில் அவர் தொட்ட கையில் மஞ்சள் சோளம் இருந்தது. 'அனுப்ப வேண்டும்' கட்சி.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு மட்டும் தோத்துடுங்க."

"நான் தோத்து எப்ப பாத்திருக்க?"

"நாட்டுல இருக்கிறவனெல்லாம் உங்களப் பாத்து மெச்சுனாப் போதுமா? உள்ள எங்கம்மா உக்காந்திருக்காங்க, பாருங்க. அவங்க முகத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஃபெர்மின் உள்ளே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "சரி, தோக்கறேன்டி. ஆனா தடுமாறித் தோத்தா சிரிப்பானுங்க. உள்ளதுலயே மட்டமான காரணமாப் பொறுக்கி எடுத்துப் பாடுறேன். இந்தப் போருக்கு எவ்வளவு கேவலமான காரணம் சொல்றானுங்கன்னு கேக்கிறவனுக்கே வெளங்கிடும். எதிர்ல புரிங் டீச்சர். அந்தம்மா மிச்சத்தப் பாத்துக்கும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நிம்மதியாகப் போய்த் திருவிழா நூடுல்ஸுக்குக் காய் நறுக்கினேன்.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. டெல்ஃபினைச் சீருடையோடு கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார் துணை மேயர். அவனுக்குப் பக்கத்தில் சலுட் அக்கா. அவள் புருஷன் கொரியாச் சண்டைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் புரிங் டீச்சர் முதலில் பாடினாள். அந்த நாட்டுக்காரன் நம் வயலில் கால் வைத்தானா, நம் கோழியைத் திருடினானா, அவன் வீட்டுச் சண்டையில் நம் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். ரோடு போடப் போகிறவன் பெட்டியில் திரும்பி வந்தால் அந்த ரோட்டில் யார் நடப்பது என்றாள். ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். கைதட்டல் மட்டும் பலமாக வரவில்லை. சரியான பேச்சைக் கேட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான், கணக்கு வாத்தியார் முன்னால் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார்கள்.

ஃபெர்மின் எழுந்தார். உலகப் போர் முடிந்த காலத்தில், இப்போது பட்டாளம் கேட்கிற இதே அமெரிக்கர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பால்பொடி கொடுத்தார்களே, அதைத்தான் எடுத்தார்.

"குடித்த பாலை மறந்தவன் மனிதனா?
கொடுத்த கையைத் தடுத்தவன் மனிதனா?
எடுத்த தம்ளர் ஒவ்வொன்றுக்கும் நாம்
கொடுத்தால் என்ன, ஒரு தம்ளர் ரத்தம்?"

நான் சிரிப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். பால்பொடிக்கு ரத்தம். இதைவிட மட்டமாக ஒருத்தன் என்னதான் சொல்வான்?

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நன்றி மறக்கக் கூடாதுப்பா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவர் தட்ட ஆரம்பித்தார், நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு மைதானம் முழுக்கத் தட்டியது.

ஃபெர்மின் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இன்னும் மட்டமாகப் போனால் விளங்கிவிடும் என்று நினைத்திருப்பார் போல. நடுவில் இருக்கிற கடல் வெறும் வாய்க்கால், தாண்டினால் வியட்நாம், இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கம்யூனிஸ்ட்காரன் நம் அடுப்படியில் என்று பாடினார். பெண்கள் குழந்தைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பெண்டாட்டி பாவாடைக்குள் ஒளிகிற ஜாதி என்று உலகம் நம்மைச் சொல்லாதா என்று பாடினார். இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டு மேடையை நெருக்கினார்கள். அவர் எதைச் சொன்னாலும் அது எடுபட்டது. இந்த ஊரை எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பன்றி வெட்டக்கூடத் தயங்குகிற ஊர் இது.

சலுட் அக்கா எழுந்து, யாரையும் பார்க்காமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனாள். அவளுக்கு வழிவிட்டவர்கள்கூடத் தட்டுவதை நிறுத்தவில்லை.

டோன் எவாரிஸ்டோ தீர்ப்புச் சொல்லவே தேவை இருக்கவில்லை. துணை மேயர் டெல்ஃபினை மேடைக்கு ஏற்றி, அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். "நம்ம ஊரு கடனத் தீர்க்க, நம்ம ஊரு புள்ள போறான்" என்று மைக்கில் சொன்னார். அவன் போகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இளவட்டங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள்.

அவர்கள் இறக்கி விட்டதும் நாங்கள் அவனை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பம்ப் அருகே இழுத்துக்கொண்டு போனோம். ஃபெர்மினுக்குக் குரல் கட்டியிருந்தது.

"டேய், நான் சொன்னது எதையும் நம்பாதடா. தோக்கணும்னு பாடுனேன். அதெல்லாம் ஒரு காரணமாடா? பால்பொடிக்குப் போயி எவனாச்சும் சாவானா?"

டெல்ஃபின் முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தான். "தெரியும் அத்தான். பால்பொடின்னதுமே புரிஞ்சிடுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டேன்."

"அப்புறம் என்னடா? கேப்டன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடு" என்றேன் நான்.

"என்னன்னுக்கா சொல்றது?" அவன் சீருடையின் ஈரத்தைத் தட்டிவிட்டான். "எனக்குப் போகணும்னு எப்ப இருந்துச்சு? பேரு கேட்ட நாள்லேருந்து பயந்து சாவுறேன். பயமா இருக்குன்னு வாய விட்டுச் சொல்ல முடியுமா? ஊரு டீச்சருக்குக் கை தட்டிச்சுன்னா, எங்க ஊரே வேணாங்குது சார்னு சொல்லிட்டு வந்துடலாம்னு உக்காந்திருந்தேன். எனக்கு அது ஒண்ணுதான் வேண்டியிருந்துச்சு."

"நான் மேடையேறிச் சொல்றேன்டா. இப்பவே போயி, தப்பாப் பாடிட்டேன்னு சொல்றேன்" என்றார் ஃபெர்மின்.

"யாருகிட்ட அத்தான்? என்னத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சுத்துனாங்களே, அவங்ககிட்டயா? அதுல பாதிப் பேரு என்கூட வந்து பேரு குடுக்கறேன்றாங்க."

ஃபெர்மின் பம்ப் திண்டில் உட்கார்ந்துவிட்டார். மைதானத்தில் பாண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ டெல்ஃபின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் வந்தார்கள்.

அவன் என் பக்கம் குனிந்தான். "அம்மாகிட்ட மட்டும், நான் ஆசப்பட்டுத்தான் போறேன்னு சொல்லிடுக்கா. அவங்களுக்கு இது தெரிய வேணாம்."

கூப்பிட்டவர்களோடு அவன் போய்விட்டான். நான் உள்ளே போய், அவன் சொல்லச் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.