நாற்பத்தேழு ஊக்குகள்

ஆஸ்பத்திரித் துணியறையில் இருபத்தாறு வருஷம் துணி மடித்தவன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கை அரிக்கும். இடுப்பு வலிக்காக மூன்று வாரம் லீவு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். முதல் வாரம் படுத்துக் கிடந்தான். இரண்டாவது வாரம் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக நிறுத்தி வைத்தான். அதற்கப்புறம் வீட்டில் மிச்சமிருந்தது, படுக்கையறை அலமாரியில் மனைவியின் பக்கம் மட்டும்தான்.

அலமாரியில் அவன் பக்கம் செங்கல் சுவர் மாதிரி இருக்கும். மடிப்பின் முதுகு வெளியே தெரிய வேண்டும், ஓரம் உள்ளே போக வேண்டும், புதிதாகத் துவைத்தது அடியில் போக வேண்டும். துணியறையில் அவனுக்கு மடிப்பு அண்ணன் என்றே பெயர். வார்டில் யாராவது போர்வையைச் சுருட்டி எறிந்தால் அவன் முகம் போகிற போக்கைப் பார்த்து நர்சுகள் சிரிப்பார்கள். மனைவியின் பக்கமோ அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும். சட்டைக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் பேன்ட், அதற்குள் எங்கோ ஒரு ஸ்வெட்டர். உள்ளே இருந்த பல்ப் போய் ஒரு வருஷமாகியும் மாற்ற விடவில்லை. கை வைத்தால் விரலை ஒடித்து அடுப்பில் வைப்பேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை சொல்லியிருந்தாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனாலும் அவன் வைத்ததில்லை.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பதினொரு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, மாலையில் அதே மாதிரி திருப்பிக் கொண்டுவந்து விடுவாள். இடையில் பள்ளியிலேயே இருந்துவிடுவாள். அந்த இடைவெளியில்தான், செவ்வாய்க்கிழமை மதியம், அவன் அலமாரியைக் காலி செய்தான்.

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி ரகம் பிரித்தான். சட்டை தனி, பேன்ட் தனி, உள்ளாடை தனி, குளிர்காலத்துத் துணி மேல் தட்டு. ஒவ்வொரு ரகத்திலும் வெளிர் நிறம் இடது கோடி, அடர் நிறம் வலது கோடி. மடிக்கும் முன் ஒவ்வொரு துணியையும் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். அது துணியறையின் முதல் சட்டம். ஒரு காலத்தில் விரிப்பில் மறந்துபோன ஊக்கு ஒரு நோயாளியின் முதுகில் குத்திச் சீழ் பிடித்து, அந்த ஆள் பிழைத்ததே பெரிய பாடாகிப் போனது. அன்றிலிருந்து கைபடாத துணி அவன் அறையை விட்டுப் போனதில்லை.

அவள் துணியில் ஊக்கு இருந்தது. சட்டைக் கழுத்துப் பட்டையின் உள்புறம் ஒன்று, சிலதில் இரண்டு. பேன்ட் இடுப்பில் மூன்று, பக்கத்துப் பக்கத்தில். எல்லாம் மாட்டியபடியே துருவேறியவை. பொம்பளைகளே இப்படித்தான், அவசரத்துக்குக் குத்திவிட்டு மறந்துவிடுவார்கள் என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினான். நாற்பத்தேழு. ஒரு பழைய மாத்திரைக் குப்பியில் போட்டு மூடி, சமையலறை இழுப்பறையில் வைத்தான். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மனசு நிறைந்திருந்தது.

மாலை அவள் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினான். அவள் அலமாரிக் கதவில் கை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். நல்லாத்தான் இருக்கு என்று மட்டும் சொன்னாள். எதையும் தூக்கிப் போடவில்லையே என்று கேட்டாள். ஒரு கர்ச்சீப் கூடப் போடவில்லை என்றான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

வேலை நாட்களில் அவள் எழும் முன்பே அவன் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். இந்த லீவிலும் அவள் போன பிறகுதான் எழுந்தான். அவள் உடுத்திக்கொண்டு வெளியே வருவதை அவன் பார்த்தே வருஷக்கணக்காகிறது. புதன்கிழமை காலை அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தலை படிய வாரியிருந்தது. வண்டிச் சாவியை மேஜையில் வைத்தாள். பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டையும் கருநீல பேன்டும். அவள் போட்டிருந்ததோ வெளிர் ரோஸ் சட்டையும் காபிக்கொட்டை நிற பேன்டும்.

"என்ன, ஸ்கூல்ல இன்னைக்கு மாறுவேடப் போட்டியா?"

"ஏன்?"

கேட்டுவிட்டு அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் விளங்காத முகம். அவள் கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய், பட்டையின் உள்புறம் தடவியது. லட்சம் துணியைத் தடவியவனுக்கு அந்தக் கையின் வேலை என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வடிகட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஊக்கெல்லாம் எங்கங்க?" என்றாள் அவள், மெதுவாக.

அவன் இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அதை ஒரு தடவை ஆட்டினாள். பிறகு நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தாள்.

ஒன்று என்றால் வெள்ளை, இரண்டு என்றால் நீலம், மூன்று என்றால் கருநீல பேன்ட், ஊக்கே இல்லாதது வீட்டில் போடுவது. இரண்டு வருஷமாக அப்படித்தான் உடுத்துகிறாள். இன்றைக்கு ஊக்கு கைக்குத் தட்டுப்படவில்லை, வெளிராகத் தெரிந்ததை வெள்ளை என்று நினைத்து மாட்டிக்கொண்டாள். நடுவில் ஒரு தட்டு அளவுக்குப் பார்வை இருக்கிறது, சுற்றிலும் மூடிக்கொண்டே வருகிறது, நிறமும் போய்விட்டது. டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார், இது திரும்பாது என்று. அலமாரியில் துணி எங்கே விழுந்து கிடக்கிறது என்பது கைக்குத் தெரியும், அதனால்தான் யாரையும் தொடவிடவில்லை. இதையெல்லாம் அவள் யாரோ ஒருத்தியின் சங்கதி மாதிரி அவசரமாகச் சொல்லி முடித்தாள். முதல் பிள்ளையை ஏற்ற இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது.

நெற்றியில் கதவு இடித்த நீலத்தோடு அவள் எத்தனை தடவை வந்திருக்கிறாள், காலில் கண்ணில்லையா என்று தான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறோம் என்று அவன் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டான்.

"லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்க?"

"எதிர்ல இருக்கிற எழுத்தைத்தான படிக்கச் சொல்றாங்க. படிச்சேன்."

"பக்கத்துல யாராவது ஓடி வந்தா?"

"வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்க ஆயா இருக்கால்ல. இடது பக்கம் கிளியரான்னு கேப்பேன். தமாஷ்னு நெனச்சு அவளும் சொல்லுவா." அவள் எழுந்தாள். "நேரமாவுது. வெள்ளைச் சட்டை எதுன்னு எடுத்துக் குடுங்க."

அவன் எடுத்துக் கொடுத்தான். அதை அவனாலேயே நம்ப முடியவில்லை. சட்டையும் பேன்டும் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, மேஜையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

வேனின் வலது பக்கம் பளிச்சென்று இருந்தது. அவன் எப்போதும் பார்த்தது அந்தப் பக்கம்தான். இடது பக்கம் மதிலை ஒட்டி நிற்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்தான். மஞ்சள் வண்டியின் இடது புறம் நெடுக இழுத்த கோடுகள். சிலவற்றின் மேல் பெயின்ட் பூசியிருந்தது. பூசியது மஞ்சள் இல்லை, பச்சை கலந்த என்னவோ ஒன்று. மஞ்சள் என்று நம்பித்தான் பூசியிருப்பாள். முன் சக்கரத்துக்கு மேல் ஒரு நசுங்கல். அது தூணோ மதிலோ இடித்த நசுங்கல் இல்லை. மெத்தென்று குழிந்திருந்தது. அதன் உயரத்தைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தான். அவன் இடுப்புக்கு வந்தது. ஒரு ஏழு வயசுப் பிள்ளைக்குத் தோள் அளவு.

ஒருவேளை நாயாக இருக்கலாம். சைக்கிளாக இருக்கலாம். அங்கேயே நின்று பள்ளி ஆபீசுக்குப் போன் போட்டான்.

போனை எடுத்தவர் முதலில் நம்பவில்லை. உங்க வீட்டம்மாவா, எட்டு வருஷமா ஒரு புகார் வந்ததில்லையே என்றார். அவன் இரண்டாவது தடவையும் சொன்னான். வேறு வண்டியில் டிரைவரை அனுப்புவதாகவும் அவளை வண்டியை எடுக்க விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

திரும்பி வந்தபோது அவள் கூடத்தில் நின்றாள். வெள்ளைச் சட்டை, கருநீல பேன்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சாவி?"

"ஸ்கூலுக்குச் சொல்லிட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சட்டையின் கைப்பட்டனைப் போட்டாள். பிறகு அடுத்த கைப்பட்டன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"வருஷப் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். அதோட நானே நிறுத்தியிருப்பேன்."

"போன வருஷப் பரீட்சைக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டிருப்ப."

அவன் நசுங்கலைப் பற்றிக் கேட்டான். மதில் என்றாள். மதில் அப்படி நசுக்காது என்றான். அப்படியானால் உங்களுக்கே எல்லாம் தெரியும், எதற்கு என்னைக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே வாசலுக்குப் போனாள். வண்டியின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவி அவனிடம் இருந்ததால் அவன் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஆறிப்போன டீயைச் சூடாக்கி டம்ளரில் எடுத்துக்கொண்டு போனான். வலது பக்கமாகப் போக ஏனோ கால் வரவில்லை. மறுபடியும் மதிலோரமாகப் பக்கவாட்டில் நுழைந்து, முன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கண்ணாடி இறக்கியிருந்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு காலி சீட்டுதான்.

அவள் போனில் ஆயாவோடு பேசிக்கொண்டிருந்தாள். முகம் நேராக, கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்திருந்தது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லடி. வேற ஆள் ஓட்டுவான், நீ கிளம்பி நில்லு. அந்த ரெட்டைச் சடைக்காரி முன் சீட்டுதான் கேப்பா, குடுத்துடு." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "அவருதான் சொல்லிட்டாரு. ஆமா. வேற யாரு."

அவன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைக்கப் போனான்.

"முந்தாநாள் நடந்ததை அவருகிட்ட நான் சொல்லல. நீயும் வாயத் தொறக்காத. பொண்ணுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, எந்திரிச்சு ஓடிடிச்சுல்ல?" மறுமுனையில் ஆயா என்னவோ கேட்டாள். அவள் தலையைத் திருப்பி இடது பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூச்சு விடவில்லை. அந்தப் பார்வை அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி மதிலில் பட்டு, முன்னால் தெருவுக்கே திரும்பிப் போனது.

"இல்லடி, பக்கத்துல யாரும் இல்ல," என்றாள். "நீ சொல்லு."