கடைசிப் படத்துக்கு வசனம் இல்லை

1

இந்தக் கதை ஒரு காலி அட்டையிலிருந்து பிறந்தது. இல்லை, ஒரு பிணம் தும்மியதிலிருந்து பிறந்தது. (இரண்டும் உண்மை. எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.)

முதல் தொடக்கம்: "சாம்பல் நிறம் கவிந்த அந்த மாலையில், விதவையின் உள்ளத்தில்…" வேண்டாம். நல்ல வெயில். விதவைக்குப் புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: சாவைக் கிண்டலடித்தே பிழைத்த கார்ட்டூனிஸ்ட் ஒருவர் செத்துப்போனார். அவர் கைப்பட வரைந்த மூலப்படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். மனைவி தன் தம்பியோடு பார்க்கப் போனாள்.

இது போதும். மனைவி நான்தான். "நான்" என்று எழுதினால் இரண்டாம் வரியிலேயே கைக்குட்டை தேட வேண்டியிருக்கிறது, ஆகவே "அவள்."

2

தம்பியை ஒரு பாத்திரமாக நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். அவர் வரைந்த எல்லாப் பிணங்களுக்கும் மாடல் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசைமேல் மல்லாந்து கிடப்பான்.

அச்சில் தெரியாததெல்லாம் மூலத்தில் தெரிகிறது: வெள்ளை மை பூசிய திருத்தங்கள், அழிக்காத பென்சில் கோடுகள், ஓரத்தில் அவர் கிறுக்கிய எரிச்சல். ஒரு படத்தில்: "பிணம் தும்மிவிட்டது. மூக்கை மறுபடி போட வேண்டும்."

அந்தப் படத்தருகே தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இது நான்தாங்க," என்றான்.

"எது, கோடாலியோட நிக்கிறவரா?"

"இல்லைங்க, கீழ கிடக்கிறவரு."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள்; அவனைப் பார்த்தாள். "படத்துல கொஞ்சம் களையா இருக்கீங்க."

3

கடைசிப் படம் உள்ளறையில் தனியாகத் தொங்கியது. பாதி திறந்த சவப்பெட்டி. உள்ளே படுத்திருப்பவர் கையை வெளியே விட்டுக் காலி டீக்கோப்பையை நீட்டுகிறார். மனைவி அடுப்பருகே கெட்டிலோடு நிற்கிறாள்.

(அவருடைய முறை இது: முதலில் படம், பிறகு வசனம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வாய். பேசுகிறவருக்கு மட்டும் திறந்த வாய். வசனம் எழுதுமுன் அவர் போய்விட்டதால் இந்தப் படத்தில் இருவருக்கும் வாயே இல்லை. மூக்குக்குக் கீழே வெறும் தாள்.)

கூடத்தின் பொறுப்பாளர் படத்தின் கீழே ஒட்ட ஒரு காலி அட்டையோடு வந்தார். "வசனம் நீங்கதாம்மா சொல்லணும்."

"பொணம்தான்க்கா பேசணும்," என்றான் தம்பி. "அத்தான் படத்துல எப்பவும் அதானே பேசும்? 'சர்க்கரை கம்மியா'ன்னு போட்டுடலாம்."

"உனக்குப் பொணத்து மேல பாசம்."

"தொழில் பாசம்க்கா."

அவள் பயம் வேறு. அவர் வாயில் தான் யோசித்த ஒரு வரியை வைத்துவிட்டால், இனி அவர் குரலை நினைக்கும்போதெல்லாம் அவர் சொல்லாத அந்த வரிதான் கேட்கும். படத்து மனைவியாகத் தானே பேசிவிட்டாலோ, அவருக்குப் பேச இனி ஒரு படமும் மிச்சமில்லை.

4

முடிவு அ: அவள் கண்ணீர் மல்க, "நீங்கள் இல்லாத இந்த உலகில்…" சீச்சீ.

முடிவு ஆ: விளக்குகள் அணைகின்றன. கோப்பை தானாக அசைகிற— (அவரே அடித்திருப்பார்.)

நடந்தது: கடித்த செருப்பைக் கழற்ற அவள் முன்னறை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, வரீங்களா?" உள்ளறையிலிருந்து பொறுப்பாளர்.

"அக்கா!" தம்பி.

"அம்மா?"

"அவசரப்படுத்தாதீங்க! வரேன்ல!"

அவள் குரல் உள்ளறைவரை போயிற்று. படத்தின் முன் நின்றவர்கள் நீட்டிய கோப்பையைப் பார்த்தார்கள், கெட்டிலைப் பார்த்தார்கள். ஒருவர் களுக்கென்றார். பிறகு அறையே சிரித்தது. செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் நுழைந்தபோது பொறுப்பாளர் அந்த வரியை அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ எங்கயும் போக வேணாம்க்கா."

"டீ ஊத்தத்தான்டா வரேன்னது."

"அதுக்கும் வேணாம்."

பொறுப்பாளர் அட்டையின் பின்புறம் பசை தடவிவிட்டு அவள் முகத்தையே பார்த்து நிற்கிறார். ஒட்டலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். நிதானமாக யோசித்துச் சொன்னால் போதும். அவளுக்கு இப்போது அவசரம் ஒன்றுமில்லை.