நாலு சக்கரத்துக்கும் ஒரே பிடி

இடது கையில் போட்டிருந்த மாவுக்கட்டை டாக்டர் வெட்டி எடுத்த அன்றைக்கு, வெங்கடலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, ஷெட்டின் வாசலில் ஒரு புது ஆள் நின்று காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் அவள் கணவன் சென்னகேசவன், காரின் மேல் ஆறு வாரமாகக் கிடந்த தார்ப்பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

சிவப்பு நிற டூ-சீட்டர் அது. துணிக்கூரை, கம்பி ஆரம் போட்ட சக்கரங்கள், ஆள் உட்கார்ந்தால் தரையைத் தொட்டுவிடலாம் போன்ற தாழ்ந்த கதவு. வால்பாறை எஸ்டேட் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் 1956-ல் சீமைக்குத் திரும்பும்போது சென்னகேசவனுக்குக் கைமாற்றிவிட்டுப் போனது. சிங்காநல்லூரில் அந்த வண்டியின் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. மில் ஷிப்ட் விடும் நேரத்தில் அது போனால் சைக்கிள்கள் எல்லாம் ஒதுங்கி நின்று பார்க்கும்.

வந்தவன் பெயர் நஞ்சுண்டன். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் குடும்பம். தை மாசம் கல்யாணம்.

"அம்மணியக் கூட்டிட்டு டாப்ஸ்லிப், வால்பாறைன்னு ஒரு சுத்துச் சுத்தலாம்னுதானுங்க," என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "பிரேக்கெல்லாம் நல்லாப் புடிக்குமுங்களா?"

"கொஞ்சம் லூசா இருக்குமுங்க. பாத்து ஓட்டுனாப் போதும்," என்றான் சென்னகேசவன்.

வெங்கடலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். கணவன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அண்ணனோடு பம்புசெட் பட்டறை நடத்துகிறவன். தேய்ந்த பேரிங்கைப் புதுசு என்று விற்ற ஆளைப் பட்டறையை விட்டே அனுப்பியவன். அவள் நேராக ஷெட்டுக்குள் போய் நஞ்சுண்டன் முன்னால் தன் கையை நீட்டினாள். ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த கை, வெளுத்துச் சூம்பிப்போயிருந்தது.

"ஏனுங்க, இந்த வண்டில போயித்தான் இந்தக் கை ஒடஞ்சுது. ஆடி மாசம், மழை. வால்பாறை ரோட்டுல அட்டகட்டிக்குக் கீழ, வளைவுல பிரேக் புடிக்கவே இல்ல. இவிய மலைப்பக்கம் ஒடிச்சுக் கால்வாயில எறக்குனதால உசுரோட இருக்கறோம். இதே பிரேக்கோட இந்த வண்டி யாருக்கும் கெடையாதுங்க."

நஞ்சுண்டன் சென்னகேசவனைப் பார்த்தான். சென்னகேசவன் தரையைப் பார்த்தான்.

"செரி பண்ணிச் சொல்லியனுப்புங்க," என்று சொல்லிவிட்டு நஞ்சுண்டன் கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை அவன் பட்டறைக்குப் புறப்படும்போது அவள் சொன்னாள்: "கேபிள மாத்துனாலும் மறுபடியும் நீண்டுரும். ஆயில் பிரேக் மாத்தோணும்."

"இந்த வண்டிக்கு எவன் மாத்துவான்? நான் அதைத் தொடறதா இல்ல, லட்சுமி."

"நீங்க தொட வேண்டாங்க."

அந்த வண்டியின் பிரேக் சைக்கிள் பிரேக்கின் அண்ணன் மாதிரி. பெடலை மிதித்தால் நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பிக் கயிறு போய் இழுக்கும். ஒன்று நீண்டால் வண்டி ஒருபக்கம் சாயும், எல்லாம் நீண்டால் பெடல் பலகையைத் தொட்டாலும் சக்கரம் நிற்காது. புதுக் கார்களில் கயிறு கிடையாது. குழாய்க்குள் இருக்கும் ஆயிலே அமுக்கத்தை நாலு பக்கமும் சமமாகக் கொண்டுபோகும். இதெல்லாம் வெங்கடலட்சுமிக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு உடுமலையில் பஞ்சு அரைக்கும் ஃபேக்டரி. அங்கே ஜீப்பின் அடியில் படுத்துக் கிடந்த டிரைவரோடு கேள்வி கேட்டுக்கொண்டே வளர்ந்தவள், இருபது வயதில் லைசென்சும் எடுத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டுவதற்கு வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு அவள் ஜாக்கியைக் காரின் முன்பக்கம் வைத்து ஒற்றைக் கையால் ஏற்றினாள். மாமியார் பங்காரம்மா சமையலறை ஜன்னலில் வந்து நின்று, "கட்டு பிரிச்சு ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள," என்று தொடங்கினார். மருமகள் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டு, சாயங்காலம் ஒரு சொம்பு மோர் மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, உள்ளே இருந்த தகட்டை அவிழ்க்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அந்தத் தகட்டைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன்பஸ் ஏறி, கோட்டைமேட்டில் யூனுஸ் பாயின் லேத்துப் பட்டறைக்குப் போனாள்.

யூனுஸுக்கு முப்பது வயதிருக்கும். சென்னகேசவனின் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து தருகிறவர். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல இந்தக் கேம் இருக்குதுங்களே, கயிறு இழுத்தா லைனிங்க விரிக்கறது, இதைத் தூக்கிப்போட்டு அங்க ஒரு சிலிண்டர ஒக்கார வெக்கலாங்க. ஓட்டை மட்டும் சரியா வரோணும். ஒரு நூல் தள்ளிப் போனாலும் லைனிங் கோணலாத் தேயும். சென்னகேசவண்ணன் என்ன சொன்னாருங்க?"

"அவிய ஒண்ணும் சொல்லல பாய். நான்தான் வந்திருக்கறேன்."

யூனுஸ் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு காலிப்பரை எடுத்து, "அளவ எழுதிக்கறீங்களா? நான் சொல்லச் சொல்ல," என்றார்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் லாரி மோதி நசுங்கிய ஒரு குடும்பக் கார் கிடந்தது. அதன் பிரேக் சாமான்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. நாலு சக்கரச் சிலிண்டர்கள், பெடலுக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள். பின்சக்கரச் சிலிண்டரில் கைப்பிரேக்குக்குத் தனியாக ஒரு லிவரும் இருந்ததைப் பார்த்து, அதற்கு வேறு வழி தேட வேண்டாம் என்று யூனுஸ் தொடையில் தட்டிக்கொண்டார். அவள் அத்தனையையும் விலை பேசி வாங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நாலு சக்கரத்தையும் கழற்றத் தீர்மானித்துக் காரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, ஷெட் வாசலில் சென்னகேசவனின் நிழல் விழுந்தது.

"கட்டை கொடுக்காம வெறும் ஜாக்கில நிறுத்திப்போட்டு அடியில தலைய வுடறியா? நசுங்கிச் சாகப் போற!"

"கட்டை எங்க இருக்குதுன்னு தெரியலைங்க."

அவன் போய் நாலு பனங்கட்டைகளைத் தூக்கி வந்து வண்டிக்கு அடியில் கொடுத்தான். போகத் திரும்பியவன், அவள் ஒரு நட்டில் தப்பான ஸ்பானரைப் போடுவதைப் பார்த்து நின்றான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

வேலை அப்புறம் வேகமாக நடந்தது. மாஸ்டர் சிலிண்டரை எங்கே மாட்டுவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வண்டிச் சட்டத்தின் உட்பக்கம் ஒரு இரும்புத் தாங்கி செய்து மாட்டினான். குழாய்கள் கல் பட்டு நசுங்காத இடமாகப் பார்த்து அவள் வழி சொல்ல, அவன் வளைத்தான். யூனுஸ் சாயங்காலங்களில் வந்து பொருத்தம் பார்த்தார்.

ஆயிலை ஊற்றிப் பெடலை மிதித்ததும் முன்பக்க இரண்டு சக்கரத்திலும் ஒழுகியது. யூனுஸ் ஒரு சிலிண்டரைப் பிரித்து உள்ளேயிருந்த ரப்பர் கப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பாலில் ஊறிய பணியாரம் போல உப்பிக் கிடந்தது.

"அந்த நசுங்குன காரோட டிரைவர் பிரேக் ஆயில் தீந்தப்ப இஞ்சின் ஆயில ஊத்தியிருக்கான். ரப்பர் செத்துப்போச்சுங்க. நாலுக்கும் புதுசு வேணும். ஆனா கோயமுத்தூர்ல இந்த அளவு கெடைக்கறது சந்தேகம். சீமைச் சாமான் வரத்தே நின்னுபோச்சு."

அவர் சொன்னபடியே ஆயிற்று. டவுனில் எட்டுக் கடை ஏறி இறங்கினாள், எங்கேயும் இல்லை. அந்த வாரமே பொள்ளாச்சியிலிருந்து நஞ்சுண்டன் ஆள் அனுப்பி, தான் வேறு வண்டி வாங்கிவிட்டதாகச் சொல்லிவிட்டான்.

"அப்பறம் என்ன, வுட்டுரலாம்," என்றான் சென்னகேசவன். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது; அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "வாங்கறவனே இல்ல. யாருக்காகச் செய்யறது?"

"நமக்குத்தானுங்க," என்றாள் அவள். "பாதியில நிறுத்துனா, இந்த ஊட்டுல அந்த வளைவோட நெனப்புத்தான் கடைசியா நிக்கும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் பொள்ளாச்சிக்குப் போனாள். எஸ்டேட்காரர்களின் கார்களெல்லாம் அங்கேதானே ரிப்பேருக்கு இறங்கி வரும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. சந்தை நாள். மாடுகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு போய் மூன்றாவது கடையில் கைக்குட்டையைப் பிரித்து, "முக்காலே அரைக்கால் இஞ்சுங்க," என்று அந்த உப்பிய கப்பைக் காட்டினாள். கடைக்காரர் உள்ளே போய் நெடுநேரம் பெட்டிகளை உருட்டி, தூசி படிந்த ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே டால்கம் பவுடர் தூவிய கறுப்புக் கப்புகள் எட்டு. பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க டப்பாவை மடியிலிருந்து எடுக்கவில்லை.

கப்புகளை மாட்டிய பிறகு, குழாய்களுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துச் சிலிண்டரில் காற்றுவிடும் நிப்பிளைத் திறந்து மூட. அவள் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் பின்சக்கரத்துக்கு அடியில் கண்ணாடிப் பாட்டிலோடு படுத்தான்.

"அமுக்கு. புடிச்சுக்க. ம், வுடு."

"அமுக்கு. புடிச்சுக்க."

பாட்டிலில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. மூன்று சக்கரம் முடிந்து நாலாவதுக்கு வந்தபோது, "அமுக்கு" என்றவன், அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. அவள் பெடலை அழுத்தியபடியே காத்திருந்தாள்.

"லட்சுமி." குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. "அன்னிக்கு அந்த வளைவுல... பிரேக் இல்லன்னு தெரிஞ்சப்ப, நான் குதிச்சரலாம்னு நெனச்சேன். உன்னைய வுட்டுப்போட்டு."

அவள் கால் பெடலிலிருந்து எடுபடவில்லை.

"தெரியுமுங்க. கதவுல கை வெச்சீங்க. நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். கைய எடுத்தீங்க, ஸ்டீரிங்க மலைப்பக்கம் ஒடிச்சீங்க. அதையுந்தான் பாத்தேன்."

அவளுக்குத் தொடை வலித்தது.

"நெனச்சதுக்கெல்லாம் நானும் கணக்குச் சொல்லணும்னா, அன்னிக்கு நான் உங்கள நெனைக்கவே இல்ல. எங்கப்பாவத்தான் நெனச்சேன்," என்றாள் அவள். "கால் மரத்துப்போச்சுங்க. இறுக்கறீங்களா இல்லையா?"

அடியிலிருந்து ஒரு சிரிப்பும் தும்மலும் கலந்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிப்பிள் இறுகியது. "வுடு," என்றான்.

பெடல் இப்போது கல் மாதிரி நின்றது.

மில் ரோட்டில் யூனுஸ் சுண்ணாம்புக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டார். சென்னகேசவன் சாவியை நீட்ட, அவள் வாங்கிக்கொண்டாள். முப்பது மைல் வேகத்தில் வந்து கோட்டில் மிதித்தாள். முதல் தடவை வண்டி இடப்பக்கம் இழுத்தது. வலது முன்சக்கரத்தின் பிரேக்கை யூனுஸ் இரண்டு சுற்று இறுக்கினார். இரண்டாம் தடவை நேராக நின்றது. கோட்டிலிருந்து டயர் வரை யூனுஸ் நடந்து அளந்தார். "பதினெட்டுத் தப்படிங்க!" என்று அங்கிருந்தே கத்திவிட்டு, சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தார். இருபத்திமூன்று வந்தது. அவர் காலடி முதல் தடவை ஆர்வத்தில் நீண்டுபோயிருந்தது. ஆனாலும் பழைய பிரேக்கில் அதைப்போல் மூன்று பங்கு ஓடியிருக்கும்.

கார்த்திகை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் ஆழியாறு வழியாக மலையேறினார்கள். ஏறும்போது அவள்தான் ஓட்டினாள். அட்டகட்டியில் டீ குடித்துவிட்டு, இறங்கும்போதும் அவளே உட்கார்ந்தாள். சென்னகேசவன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கால்வாயில் அவர்கள் இறங்கிய இடத்தை வண்டி தாண்டியது.

அதற்கு இரண்டு வளைவு கீழே, மரம் ஏற்றிய லாரி ஒன்று திடீரென்று சாலை முழுக்க அடைத்துக்கொண்டு மேலே வந்தது. அவள் மிதித்தாள். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. வண்டி மூக்கைத் தாழ்த்தி, எந்தப் பக்கமும் சாயாமல், லாரியின் பம்பருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. லாரி டிரைவர் எட்டிப் பார்த்தான். ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும் திட்ட வந்ததை விழுங்கிவிட்டு, "கொஞ்சம் பின்னால போங்கம்மா, ஏத்தத்துல நிறுத்த முடியாது," என்றான். அவள் ரிவர்ஸில் ஏற்றி வழிவிட்டாள். வியர்வையில் ஸ்டீரிங் வழுக்கியது.

சென்னகேசவன் இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, ஆரங்களுக்கு நடுவே விரலை விட்டு டிரம்மைத் தொட்டுப் பார்த்தான். மூன்று சுட்டன, இடது பின்சக்கரம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"அது சோம்பேறித்தனம் பண்ணுது," என்று சொல்லிப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தான். சாலையோரக் கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, மண்ணில் படுத்து இறுக்கினான். எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடியே அவள் பக்கமாக வந்து கதவைத் திறந்தான்.

"தள்ளி ஒக்காரு. மறுபடியும் மேல போயி எறங்கோணும். இப்ப நான்."

அவள் நகர்ந்தாள். அவன் கண்ணாடியைச் சரிசெய்தான். தேவையில்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அட்டகட்டி வரை போய்த் திரும்பி இறங்கத் தொடங்கியதும், முதல் வளைவுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே பெடலைப் பலமாக மிதித்துவிட்டான். வண்டி சட்டென்று நின்ற வேகத்தில் அவள் டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். இடது கை வலித்தது, ஆனால் தாங்கியது.

"மெதுவாங்க," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "தொட்டாப் போதும். நின்னுக்கும்."