முதுகு காட்டி நின்ற காட்சி

1

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன், அவன் மனைவி, என் தங்கை, கேட்டதையெல்லாம் வெளியே ஒலிபரப்புவதால் 'வானொலி' என்று நாங்கள் அழைக்கும் அவள் கணவர். வேறு யாருமில்லை. இந்தக் கதை அந்தக் கூடத்தில்தான் பிறந்தது. பிறந்த நோக்கம் நல்லதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற ஒரு பொய்யை எழுத உட்கார்ந்தேன்.

2

தொலைக்காட்சியில் வேற்றுமொழித் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கணவனிடம் சலித்து இன்னொருவனை நாடும் மனைவியின் கதை. அந்த மனைவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் என் மருமகள். டப்பிங்தான் அவள் தொழில். பெட்டிக்குள் அவள் குரல் கெஞ்சியது, சிரித்தது, சீறியது. அவளோ நாற்காலியில் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தாள். ஜன்னல் திரை மெல்ல உப்பித் தணிந்தது, அறையே மூச்சு விடுவதுபோல. (இந்த உவமையை அடித்துவிட நினைத்தேன். அப்படித்தான் இருந்தது, இருக்கட்டும்.)

தொலைக்காட்சியில் நடிகை நமக்கு முதுகைக் காட்டி நின்று கோப்பை கழுவினாள். வாயசைவு தெரியாத இடத்தில் குரல் கொடுப்பவர் புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமாம். அந்த இடத்தில் குரல் சொன்னது:

"பதினோரு வருஷமா சொல்றேன், எனக்குச் சர்க்கரை போடாதீங்கன்னு. ஒரு நாளாவது காதுல விழுந்துச்சா?"

என் மகன் அப்போது எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பாவம்ப்பா அந்தப் பொண்ணு. புருஷன் சரியான மரமண்டை போல" என்று சிரித்தபடி அவளிடம் ஒரு கோப்பையை நீட்டினான். "இந்தா, உனக்குச் சர்க்கரை தூக்கலா போட்டிருக்கேன்."

வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. அடுத்த வாரம் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

3

சில நாள் கழித்துத் தங்கை வந்தாள்.

"அண்ணா, அவ ஸ்டுடியோவுல எவனோ ஒருத்தன்கூடப் போயிட்டாள்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க? உன் வீட்டு வானொலியா?"

"யாரா இருந்தா என்ன? அப்படியே இருக்கட்டும்ங்கறேன். தப்பு அவ மேல போயிடும். நம்ம பையனை யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க."

யோசித்தேன். வசதியாக இருந்தது. பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம்: ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் அவன் தினமும்

இன்னொன்று: அவள் பேசப் பேச, அவன் கண்களை மூடிக்கொண்டு

4

அவனுக்கு முகம் வரவில்லை. மீசை வைத்தேன், நிற்கவில்லை. சட்டை மாட்டினேன், கொடியில் காய்வதுபோல் உள்ளே ஆளின்றி ஆடியது. விடாமல் அவனை அவள் முன்னால் நிறுத்தினேன். அவள் அவனைத் தாண்டி, தாளுக்கு வெளியே இருந்த என்னைப் பார்த்தாள்.

"மாமா, இவர் யாரு?"

"நீ யார்கூடப் போனியோ, அவன்மா."

"அப்படியா மாமா? நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது."

மரியாதையாகத்தான் சொன்னாள்.

(குறிப்பு: எங்கள் வீட்டில் அவள் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. போகிற இடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் மெதுவாகச் சொன்னபோது நாங்கள் யாராவது... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

அவனை அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்கு அடியில் ஒருவருமே இல்லை.

5

அவள் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். எதற்கு மன்னிப்பு என்று எழுத வரவில்லை. இன்னொன்றில் என் மகன் அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. படிகளில் வெயில் தண்ணீர்போல் கிடக்கிறது. அவன் வாயைத் திறக்கிறான். என்ன சொல்கிறான்? எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் எழுதுங்கள். அவள் உள்ளே விடுவாளா என்பதும் உங்கள் பொறுப்பு.

ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பொய்ச்சாட்சி சொன்னதில்லை. என்னோடு அது தொடங்க வேண்டாம். என் மருமகள் யாரோடோ போனாள் என்பது பொய். பட்டப்பகலில், என்னிடம் சொல்லிக்கொண்டு, தனியாகப் போனாள். போக வைத்தவர்கள் நாங்கள்.