நான்கு சுவர்களும் கூரையும் பழுது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் சன்னலில் கிடைத்தது. பாதிதான் கிடைத்தது. மீதியைத் தேடி நான் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்பதைக் கதை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் நழுவினால் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘1961ஆம் வருடம் சித்திரை மாதம், அரிமளத்துக்குக் கிழக்கே உள்ள சிற்றூரில் வசிக்கும் மூக்காயி என்பவர்...’ இது மனுவைப் போல இருக்கிறது. அடித்துவிட்டேன்.

‘வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூக்காயி...’ எல்லோருடைய கதையிலும் வானம் கறுக்கிறது. இதையும் அடித்துவிட்டேன்.

‘மூக்காயியின் வீட்டுக்குக் கதவு மட்டும்தான் இருந்தது.’ இது பரவாயில்லை. அது ஏன் கதவு மட்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

புருசன் போன பிறகு மூக்காயி, அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்துக்கொண்டு குடியிருந்தாள். ஒரே மகள் செவந்தியை ஆறு மைல் தள்ளிக் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தச் சித்திரையில் செவந்தி முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. சேதியோடு சம்பந்தி கண்ணாத்தாளும் வந்தாள். வந்தவள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மாடு ஒன்று அவளைத் திரும்பிப் பார்த்தது.

“மதினி, தலப்பிரசவம் தாய் வீட்லதான். அத நான் மாத்தச் சொல்லல. ஆனா மாட்டுக் கொட்டாயில எங்க வீட்டுப் பிள்ளை பொறக்காது. கதவு வச்ச வீடா ஒண்ணு இருந்தா, கார்த்திகையில நானே கொண்டாந்து விடுறேன். இல்லாட்டி செவந்தி அங்கிட்டே இருக்கட்டும்.”

கண்ணாத்தாளைக் கெட்டவளாக எழுதிவிடலாம். கை துறுதுறுக்கிறது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தாய் வீட்டில் பிள்ளை பெறாதவள் என்ற பேச்சு, ஒவ்வொரு சண்டையிலும் செவந்தியின் மேல் விழும். மூக்காயி உயிரோடிருக்க அந்தப் பேச்சு வரக்கூடாது.

மனை இருந்தது. புருசன் விட்டுப்போன மூணு சென்ட். மண்ணும் அங்கேயே இருந்தது, கீற்றும் கிடைக்கும், மிதித்துச் சுவர் வைக்க அவளுக்குக் காலும் இருந்தது. அனுமதி ஒன்றுதான் இல்லை.

3

ஆபீசில்* அதிகாரி ஆத்மநாதன் மனுவை வாங்கிக்கொண்டார்.

“மனை காலியா இருக்குதான்னு நான் நேர்ல வந்து பாக்கணும். பாத்து எழுதுன பெறகு உத்தரவு வரும். அதுவரைக்கும் ஒரு செங்கல் நகரக் கூடாது, தெரியுதா?”

“எப்ப வருவீங்க சாமி?”

“வருவேன்.”

வைகாசி முடியப் போகிறது. ஆத்மநாதன் வரவில்லை. ஆனியிலும் ஆடியிலும் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். ஆவணி வரை காத்திருந்து, அப்புறம் தொடங்கினால் மழைக்கு முன் சுவர் காயாது. மலையாண்டி ஆசாரி வேப்பம்பலகையில் நிலையும் கதவும் செய்து முடித்து வைத்திருந்தார். மூக்காயி யோசித்தாள். அதிகாரி நகர்த்தக் கூடாது என்றது செங்கல்லை. நிலை மரம்தானே?

வைகாசி கடைசி முகூர்த்தத்தில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, வெட்டவெளியில் நிலையை நட்டுவிட்டாள். காற்றுக்கு ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த ஆசாரி, வந்தது வந்தோம் என்று கதவையும் மாட்டிவிட்டுப் போனார்.

(* எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சமஸ்தானம் போய்ப் பதின்மூன்று வருசம் ஆகியும், பழைய படிவத்தில் சமஸ்தானத்தின் பெயரை மையால் அடித்துவிட்டுத்தான் அங்கே மனு எழுதினார்கள். அந்த மையைக் கலக்கியது யார் என்பது பின்னால் வரும்.)

4

ஆடியில் ஆத்மநாதன் வந்தார். மனைக்கு முன்னால் நின்றார். இடது பக்கம் வெட்டவெளி, வலது பக்கம் வெட்டவெளி, நடுவில் ஒரு கதவு. மனிதர் செருப்பைக் கழற்றினார். கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அப்படி வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே வந்த பிறகுதான் தாம் ஒரு அதிகாரி என்பது அவருக்கு நினைவு வந்தது.

“ஏம்மா, காலி மனைன்னு எழுதிருக்கு. இது என்ன?”

“காலிதான் சாமி. நல்லா சுத்திப் பாருங்க.”

“கதவு இருக்கேம்மா!”

“கதவத் தவிர ஒண்ணுமில்லீங்களே.”

“பிடுங்கிருங்க. பிடுங்கிட்டு மறுபடி மனுக் கொடுங்க.”

மூக்காயி காதைப் பொத்திக்கொண்டாள். “வச்ச நிலையப் பிடுங்குறதா? புள்ளத்தாச்சிக்கு ஆகுமா அது? ஒங்க வீட்ல பொம்பளப் பிள்ளைக இல்லையா?”

ஆத்மநாதனுக்கு மூன்று பேர் இருந்தார்கள். முட்டுக்கட்டையை ஒரு தரம் அசைத்துப் பார்த்தார்.

“பிடுங்கச் சொல்லாட்டி என் வேலை போயிரும். சொல்லிட்டேன். ஆனா நீங்க பிடுங்காதீங்க, பாவம். நோட்டீஸ் வரும்.”

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

5

இங்கே கிளார்க் கண்ணுசாமி வருகிறார். இவரை எழுதத்தான் சங்கடமாக இருக்கிறது. முதல் படியில் இவருக்கு மீசை வைத்தேன், அடுத்ததில் எடுத்துவிட்டேன். கொஞ்சம் நல்லவராக்கினேன், நம்பும்படியாக இல்லை. இப்போதைக்கு இளவயசு, சுத்தமான கையெழுத்து, அவ்வளவு போதும்.

பிடுங்கச் சொல்லும் நோட்டீசைக் கதவில் ஒட்ட வேண்டும். எந்தக் கதவு என்று நோட்டீசில் இலக்கம் குறிக்க வேண்டும். இலக்கம் இல்லாத கதவுக்கு நோட்டீஸ் போகாது. கண்ணுசாமி பதிவேட்டைப் புரட்டினார், தெருவின் கடைசி வீடு 46. ஆகவே தாரும் குச்சியுமாக வந்து கதவில் 47 என்று எழுதி, அதன் கீழே நோட்டீசை ஒட்டினார்.

மறுநாள் தபால்காரர் நாகராசு, செவந்தியின் கடிதத்தோடு வந்தார். பத்தடி தள்ளி மூக்காயி கடலை புடைத்துக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் கதவில் இலக்கம் இருக்கிறதே! தட்டினார்.

“யாரு?” என்றாள் மூக்காயி, அவரைப் பார்த்துக்கொண்டே.

“தபாலு.”

“தெறந்துதான் கெடக்கு. வாங்க.”

வந்தார், கடிதத்தைப் படித்துக் காட்டினார், சாத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து மூக்காயி களையெடுக்கப் போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே ஆடு மேய்ந்தது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை, ஆட்டைத் தவிர எவரும் சுற்றிக்கொண்டு போகவுமில்லை.

6

வழி சொன்னதும் நாகராசுதான்.

“நம்பர் இருந்தா அது வீடு ஆத்தா. வீடு இருந்தா எதுக்குப் புது அனுமதி? மராமத்துக்குன்னு மனுப் போடுங்க. அதுக்குக் காலி மனை வேண்டியதில்ல.”

ஆவணியில் மனு போயிற்று. ஆத்மநாதன் மறுபடி வந்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்து பார்வையிட்டார். அவர் எழுதிய குறிப்பு இது: ‘கதவு நல்ல நிலையில் உள்ளது. நான்கு சுவர்களும் கூரையும் பழுது. சீர்செய்ய அனுமதிக்கலாம்.’ இதை அவர் கேலியாக எழுதவில்லை. அவர் வாழ்நாளில் எழுதிய மிக நல்ல வாக்கியம் அது என்பது என் எண்ணம்.

மனுவும் குறிப்பும் படிவமும் சேர்ந்த கட்டு கண்ணுசாமியின் மேசைக்கு வந்தது. உத்தரவை எழுதி அனுப்ப வேண்டியது அவர் வேலை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: ‘பழைய வீட்டின் வயது.’ கண்ணுசாமி படிவத்தை மூக்காயிக்கே திருப்பி அனுப்பினார்.

மூக்காயி அதை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

“வைகாசியில வச்சது தம்பி. எம் மக வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணு ரெண்டு மாசம் எளசு.”

“வருசத்துல சொல்லணும் ஆத்தா. மாசக்கணக்கு இதுல எழுத எடமில்ல.”

“அப்ப எப்படி எழுதுறது?”

“கேட்டுச் சொல்றேன்.”

கேட்கவில்லை. புரட்டாசி போயிற்று. ஐப்பசியும் போயிற்று. கட்டு மேசையில் இருந்தது. அதன் மேல் மைக்கூடு இருந்தது.

7

இதற்கு மேல் மீசை வைத்தும் எடுத்தும் பயனில்லை. கண்ணுசாமி நான்தான். மை கலக்கியதும் நான், 47 எழுதியதும் நான். வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதினால் அது உண்மை. அந்த உண்மையால் ஒரு சுவரும் எழும்பாது.

கார்த்திகை முதல் தேதி எனக்கு மணமேல்குடிக்கு மாற்றல் வந்தது. மேசையை ஒழித்தபோது கட்டு கண்ணில் பட்டது. அந்தக் கட்டத்தில் ‘அரை’ என்று எழுதினேன். அரை வருசம். எழுத அரை நிமிசம் ஆனது. ஆத்மநாதனிடம் ஓடிக் கையெழுத்து வாங்கி, உத்தரவை மூக்காயியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கி, நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டாள். “நாளைக்குச் சம்பந்தி வாராக தம்பி,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

8

மறுநாள் காலை பஸ் அந்தத் தெருமுனையில் நின்றது. சன்னலோரம் நான். மனைக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி. செவந்தி இறங்கி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். நல்ல வயிறு. தூறல் போட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மூக்காயி, குளித்து, வெளுத்த சேலை கட்டி, சாத்திய கதவைப் பார்த்து நின்றாள். இந்தப் பக்கம் கண்ணாத்தாள். அவள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். கதவில் 47 இருந்தது. அவள் கையை உயர்த்தினாள்.

பஸ் திரும்பிவிட்டது.

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) கண்ணாத்தாள் கதவைத் தட்டினாள். “யாரு?” என்றாள் மூக்காயி. “நாந்தான் மதினி, ஒங்க மகளக் கூட்டியாந்திருக்கேன்.” ஊரே திரண்டு, மழைக்கு நடுவே பத்து நாளில்... [இதை எழுதும்போது என் கை என்னையே நம்பவில்லை.]

(ஆ) கண்ணாத்தாள் கதவைச் சுற்றிக்கொண்டு போய், மூக்காயியின் முகத்துக்கு நேரே நின்று, “இதான் வீடா?” என்று... [முடிக்கவில்லை. முடிக்க மாட்டேன்.]

(இ) உயர்த்திய கை, தூறலுக்கு முக்காட்டை இழுத்துவிட மட்டும்தான்.

மணமேல்குடியிலிருந்து அந்த ஊருக்கு ஒரு பகல் பயணம். நாகராசுக்கு ஒரு கார்டு போட்டிருந்தாலே போதும், பதில் வந்திருக்கும். நான் போடவில்லை. கண்ணாத்தாள் கதவைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் அது நான் நிரப்பாமல் வைத்திருந்த அந்த ஒரு கட்டத்தால். அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. சட்டையை விடுங்கள், சொல்லிவிட்டேன்.

ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று ஒருத்தியின் வீட்டைத் திருப்பி அனுப்பியவன் நான். இந்தக் கதையிலும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நீங்களும் திருப்பி அனுப்பலாம். ஆனால் தூறல் வலுக்கிறது. பிள்ளைத்தாச்சி நின்றுகொண்டிருக்கிறாள். சீக்கிரம் நிரப்புங்கள்.

முடிவு: ..............................